தலையில தட்டினா பாடுற ரேடியோ

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் டெக்னிக்கலும் கூட. ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கிறவங்க பொறுமையா வீட்டுக்குப் போய் படிங்க. கொசுவத்தி ஒரு சுத்துதான் சுத்தியிருக்கேன், மிச்சமெல்லாம் மேட்டர்தான்.

வால்வு ரேடியோ இருந்த வீட்டுல வளர்ந்தவங்க யாரைக் கேட்டாலும் ரெண்டு விஷயம் சொல்லுவாங்க. ஒண்ணு, போட்டதும் பாடாது, சூடாகுறதுக்கு அரை நிமிஷம் ஆகும். ரெண்டாவது, பாடிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு நின்னுடும், அப்ப தலையில ஒரு தட்டு தட்டணும். தட்டுற இடம் வீட்டுக்கு வீடு மாறும். எங்க வீட்டு ரேடியோவுக்கு வலது பக்க மூலை. தாத்தா உள்ளங்கையை விரிச்சு, கன்னத்துல செல்லமா தட்டுற மாதிரி தட்டுவார். பாட்டி தட்டினா பாடாது. இதுல அவருக்கு ஒரு பெருமை வேற.

ஒரு தட்டுல சரியாகுற பொருள்ல என்ன கெட்டுப்போயிருக்கும்? எங்கேயோ ஒரு தொடர்பு விட்டு விட்டு வருது, அவ்வளவுதான். ஆனா இன்னிக்கும் ஒரு பழைய ரேடியோவைத் தூக்கிட்டுப் போனா, பத்துல எட்டு பேர் முதல்ல சொல்றது "வால்வு போயிருக்கும் சார்". இந்தப் பதிவே அந்த வாக்கியத்துக்கு எதிராத்தான். வால்வு போகலை ஐயா. வால்வு உக்காந்திருக்கிற நாற்காலிதான் ஆடுது. அந்த நாற்காலிக்குப் பேர் சாக்கெட்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. வால்வுங்கிறது பல்பு மாதிரி, எப்பவாவது ஃபியூஸ் ஆகும்னு தெரிஞ்சே செஞ்ச பொருள். அதனால பல்புக்கு ஹோல்டர் மாதிரி இதுக்கும் ஒரு சாக்கெட் கொடுத்தாங்க, பழசைப் பிடுங்கிட்டு புதுசை அழுத்திடலாம். 1935-ல வந்த ஆக்டல் அடிப்பகுதிக்கு எட்டு காலுக்கு இடம், நடுவுல ஒரு கட்டை. பின்னாடி வந்த சின்ன கண்ணாடி வால்வுகளுக்கு ஏழு கால், ஒன்பது கால். ஒவ்வொரு காலையும் கீழே ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு கவ்விப் பிடிக்கும். அந்தத் தகடுகளைத் தாங்குறது பேக்லைட்டு, பீங்கான், இல்லேன்னா பாக்ஸ்லின். பாக்ஸ்லின்னா காகிதத்தைப் பிசின்ல ஊற வச்சு அழுத்தின பலகை, நம்ம ஊர்ல ஹைலம் ஷீட்டுன்னு சொல்வாங்களே, கிட்டத்தட்ட அதுதான். காகிதம்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கங்க, அப்புறம் வேணும்.

அறுபது வருஷமா தினமும் சூடாகி, குளிர்ந்து, நடுவுல யாராவது வால்வை ஆட்டி ஆட்டிப் பார்த்தா அந்த ஸ்பிரிங் தளர்ந்துதான் போகும். 6வி6-னு ஒரு வால்வு, ஸ்பீக்கருக்கு முன்னாடி கடைசியா நிக்கிற ஆள். அதோட ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டுல 0.45 ஆம்பியர் வேணும். ஹீட்டர் கால்ல ஒரே ஒரு ஓம் தடை சேர்ந்தாலும் கிட்டத்தட்ட அரை வோல்ட் அங்கேயே காலி. வால்வு அரைப்பட்டினியில வேலை செய்யும், சத்தம் சோர்ந்து போகும். நாமளும் "வால்வு வீக்"னு எழுதிடுவோம். ஏசி/டிசி ரெண்டுலயும் ஓடுற செட்டுகள் இன்னும் மோசம். அதுல ஹீட்டர் எல்லாம் வரிசையா ஒரே மாலையில, கோயில் திருவிழா சீரியல் லைட்டு மாதிரி. ஒரு கால் விட்டுச்சுன்னா மொத்தமும் இருட்டு.

சரி, இப்ப கொசுவத்தி.

தாத்தா அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு பட்டறையில லேத் ஓட்டினவர். 1964-ல அந்த எஸ்டேட் வந்தப்போ ஊரை விட்டு வந்து சேர்ந்த கூட்டத்துல ஒருத்தர். நானும் இப்ப அதே எஸ்டேட்டுக்குத்தான் தினமும் போறேன், என்ன, அவர் இரும்பைச் சீவினார், நான் பொட்டி தட்டுறேன். முதல் போனஸ்ல வாங்கின ரேடியோவாம். கம்பெனி பேர் வேண்டாம். லைசென்ஸ் புத்தகம் கூட பீரோவுல இருக்கு, போஸ்ட் ஆபீஸ் முத்திரையோட. ரேடியோ கேக்குறதுக்கே அரசாங்கத்துக்குப் பணம் கட்டின காலம் அது. டயல் கண்ணாடியில மெட்ராஸ், டெல்லின்னு ஊர் பேரெல்லாம் வரிசையா இருக்கும். சிலோன்கிற எழுத்து மட்டும் விரல் பட்டுப் பட்டு பாதி அழிஞ்சிருக்கும். காரணம் தெரிஞ்சதுதான். 1952-ல மத்திய அமைச்சரான கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டை ஓரங்கட்டப் போக, ஜனங்க முள்ளைத் திருப்பி கொழும்புல வச்சுட்டாங்க. 1957 அக்டோபர்ல விவித பாரதி ஆரம்பிச்ச பிறகும் எங்க தாத்தா மாதிரி ஆளுங்க முள்ளைத் திருப்பலை.

தாத்தா 2019-ல போயிட்டார். ரேடியோ கட்டிலுக்குக் கீழே போச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பக்கம் இருந்தவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, ரேடியோ ரெண்டு நாள் அதுல கிடந்தது. "காயலாங்கடையில போட்டுடுடா"ன்னார் அப்பா. அவர் மூஞ்சியைப் பார்த்தேன். சொல்றது வாய் மட்டும்தான். பரண் மேல ஏத்தி, வெயில் காலம் முழுக்கக் காய வச்சேன்.

2024 ஜூன்ல எடுத்து துடைச்சு, பயந்துக்கிட்டே போட்டேன். பாடிச்சு! ஆனா சளி பிடிச்ச குரல்ல, கரகரன்னு, பக்கத்துல காது வச்சாத்தான் கேக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டுல ஒரு கடையில கேட்டேன். வழக்கமான பதில்தான், "அவுட்புட் வால்வு போச்சு". கேட்ட காசைக் கொடுத்து ஒரு 6வி6ஜிடி வாங்கிட்டு வந்து சொருகினேன். ஆஹா, என்ன சத்தம்! அம்மா அடுப்படியிலேர்ந்து எட்டிப் பார்த்தாங்க. நாலு நிமிஷம். அப்புறம் கண்ணாடிக்குள்ள தகடு மங்கலா சிவந்தது. அழகா இருக்கேன்னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தேன். (இஞ்சினியரிங் டிகிரி வாங்கினவன் மக்களே, சிரிக்காதீங்க.) எரிஞ்ச வாடை வந்து பிளக்கைப் பிடுங்கறதுக்குள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் காலி. தலைமுடி மாதிரி கம்பி சுத்தின சுருள், உள்ளே எங்கேயோ அறுந்துபோச்சு. வெள்ளத்துல பிழைச்ச பொருளை நான் கொன்னுட்டேன்.

ராத்திரி முழுக்க இணையத்துல தேடினா எல்லாரும் ஒரே குரல்ல கப்ளிங் கண்டென்சர்னு சொல்றாங்க. அது தப்பில்லை, பெரும்பாலும் அதுதான் குற்றவாளி. அதை மாத்தினேன். டிரான்ஸ்ஃபார்மரைச் சுத்திக் கொடுக்க ஆள் தேடினப்போ, பூந்தமல்லி தாண்டறதுக்கு முன்னாடி கரையான்சாவடியில ஒரு பெரியவர் இருக்கார்னு சொன்னாங்க. எழுபது வயசுக்கு மேல. ஒரு காலத்துல மைக் செட்டு ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ், இப்ப மிக்ஸியும் டேபிள் ஃபேனும்.

முழுக் கதையையும் கேட்டுட்டு அவர் டிரான்ஸ்ஃபார்மரைத் தொடவே இல்லை. "சுத்தித் தரேன் தம்பி. மறுபடி எரிக்கப் போறியா?"

"கண்டென்சர் மாத்திட்டேன் ஐயா."

"வால்வைப் பிடுங்கிட்டு அஞ்சாம் நம்பர் கால்ல வோல்ட் பார்த்தியா?"

பார்க்கலை. வால்வே இல்லாதப்போ அங்க என்னத்தைப் பார்க்கிறது?

"படுத்திருக்கிறவனைத் தூக்கிட்டுத்தான் கட்டில்ல மூட்டைப்பூச்சி இருக்கான்னு பார்க்கணும்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. 6வி6 சாக்கெட்டுல நாலாம் நம்பர் கால் ஸ்கிரீன், அதுக்கு 250 வோல்ட் கிட்ட வரும். அதுக்குப் பக்கத்து வீடு அஞ்சாம் நம்பர், கன்ட்ரோல் கிரிட். கத்தோடோட ஒப்பிட்டா அது 12 வோல்ட் கீழேயே இருக்கணும், மொத்த வால்வுக்கும் கடிவாளம் அதுதான். ரெண்டுக்கும் நடுவுல சில மில்லிமீட்டர் காகிதப் பலகை. இப்ப மிக்ஜாம் தண்ணியை ஞாபகம் வச்சுக்கங்க.

வால்வை எடுத்துட்டு, கண்டென்சரோட ஒரு முனையைக் கழட்டி விட்டுட்டு அளந்தோம். அஞ்சாம் கால்ல பூஜ்யம் காட்டணும். ப்ளஸ் 6 வோல்ட் காட்டிச்சு. (இப்படி அளக்கும்போது இழுக்க ஆள் இல்லாததால ஹெச்.டி. வோல்ட் ஏறும், எனக்கு 310 போச்சு. சட்டுன்னு அளந்துட்டு ஆஃப் பண்ணிடணும், இல்லேன்னா ஃபில்டர் கண்டென்சர் பாவம்.) கிரிட்டுலேர்ந்து தரைக்கு 470 கிலோ ஓம். கணக்குப் போட்டா ரெண்டு காலுக்கும் நடுவுல பலகை வழியா சுமார் 24 மெகா ஓம் தடைதான் இருக்கு. என் மல்டிமீட்டரோ 20 மெகா ஓம் வரைக்கும்தான் காட்டும், அதனால வீட்டுல ஓம்ல வச்சுப் பார்த்தப்போ "ஒண்ணுமில்லை, எல்லாம் நல்லாருக்கு"ன்னு காட்டிச்சு. டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ், புரொடக்ஷன்ல சிஸ்டம் படுத்துடுச்சு. நம்ம தொழில்ல இதைப் பார்க்காதவங்க யாராவது இருக்கீங்களா? :-)

24 மெகா ஓம்லாம் ஒரு கசிவான்னு கேக்கலாம். 6வி6 சாதாரணமா வேலை செய்யும்போதே 250 வோல்ட், 45 மில்லி ஆம்பியர், அதாவது 11 வாட்டுக்கு மேல. அந்தத் தகடு தாங்குறது 12 வாட். விளிம்புலதான் நிக்குது. கடிவாளத்தை அஞ்சாறு வோல்ட் தளர்த்தினா தாவிடும். சூடு ஏற ஏற பலகையும் சூடாகி இன்னும் கசியும். பழைய வால்வு ஏன் சிவக்கலைன்னா, அது சோர்ந்துபோனது, தாவ அதுக்குத் தெம்பில்லை. நான் புது ரத்தம் கொண்டு வந்து சொருகினேன், அது நேரா பள்ளத்துல குதிச்சது. "வால்வு போச்சு"ன்னு சொன்ன வாய்க்கு இன்னொரு நல்ல வால்வும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் பலி. அதனாலதான் அந்த வாக்கியம் மேல எனக்கு இவ்வளவு கடுப்பு.

அடுத்ததா, இதை ரிப்பேர் பண்றதா, மாத்துறதா? பழைய ரேடியோ வச்சிருக்கிற ஆளுங்க ரெண்டு கட்சியா அடிச்சுக்கிற இடம் இதுதான். ஒரு கட்சி, எல்லா சாக்கெட்டையும் பிடுங்கிட்டு வெள்ளைவெளேர்னு புது பீங்கான் போடணும்னு சொல்லும். இன்னொரு கட்சி, ஒரிஜினல் ஆணியைக் கூட அசைக்கக் கூடாதுன்னு சொல்லும். நான் ரெண்டாவது கட்சியில உறுப்பினர் அட்டையே வச்சிருந்தேன். தாத்தா தொட்டதாச்சே.

முதல் கட்சிக்கு என் பதில் இன்னிக்கும் மாறலை. லூஸ் கான்டாக்ட்டுக்காக சாக்கெட்டை மாத்துறது பல் கூசுதுன்னு தாடையைக் கழட்டுற மாதிரி. எட்டு கால்லயும் சேர்த்து பதினஞ்சு இருபது கம்பி பத்த வச்சிருப்பாங்க. பழைய ரப்பர் உறை கம்பியை வளைச்சாலே முறுக்கு மாதிரி நொறுங்கும். ஒரு கோளாறைச் சரிபண்ணப் போய் நாலு கோளாறை நாமளே வைப்போம். தளர்ந்த ஸ்பிரிங்குக்குத் தேவை ஒரு ஊசி. செட்டை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரை டிஸ்சார்ஜ் பண்ணி, வால்வை எடுத்துட்டு, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஊசியை விட்டு தகட்டை உள் பக்கமா நெம்பினா போதும். கொஞ்சமா. அவசரப்பட்டா தகடு உடையும், அப்புறம் என்கிட்ட வந்து திட்டக் கூடாது. அப்படி ஒண்ணு உடைஞ்சாலும், சில வகை சாக்கெட்டுல அந்த ஒரு தகட்டை மட்டும் உருவிட்டு வேற குப்பை சாக்கெட்லேர்ந்து எடுத்துப் போடலாம். கறுத்துப்போன காலை ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல துடைக்கணும். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் தயவு செஞ்சு அடிக்காதீங்க. அன்னிக்கு பாடும். அந்த எண்ணெய்ல ஆறு மாசத் தூசி ஒட்டினதும் தெரியும் சேதி.

ஆனா என் செட்டோட பிரச்சினை ஸ்பிரிங் இல்லையே, பலகை. பெரியவர் பார்த்ததுமே "புது சாக்கெட் போடு"ன்னுட்டார். நான் மாட்டேன்னேன். வீட்டுக்குக் கொண்டு வந்து ஆல்கஹால்ல கழுவி, அம்மாவோட ஹேர் டிரையர்ல ஒரு மணி நேரம் காட்டினேன். 6 வோல்ட் ஒண்ணரை ஆச்சு. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல உடைஞ்ச ஹேக்ஸா பிளேடால ஒரு கோடு அறுத்து, கசிவு போற வழியையே வெட்டினேன். 0.2 வோல்ட். வார்னிஷ் பூசிட்டு, ஜெயிச்சுட்டேன்னு போன்ல சொன்னேன். "மழை வரட்டும்"னார்.

அக்டோபர்ல மழை வந்துச்சு. மறுபடி அளந்தா 3 வோல்ட். வெள்ளத் தண்ணி உள்ளே வரைக்கும் ஊறின காகிதம், நான் மேலே கீறிக்கிட்டிருந்திருக்கேன். கரையான்சாவடிக்கு மறுபடி பஸ்.

"தாத்தா வாங்கினது ஐயா, அப்படியே இருக்கணும்னு பார்த்தேன்."

"உங்க தாத்தா சாக்கெட்டையா கேட்டாரு? பாட்டைத்தானே கேட்டாரு."

பதில் சொல்ல முடியலை. இப்ப யோசிச்சா, நான் காப்பாத்த நினைச்சது ரேடியோவை இல்லைன்னு தோணுது. தாத்தா இருந்த நாளோட ஒரு பிம்பம், அதுல ஒரு ஆணி கூட அசையக் கூடாதுன்னு. அந்த வீம்புல இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரையும் எரிச்சிருப்பேன். அதனால என் கட்சி இப்ப இதுதான்: தளர்ந்தா நெம்பு, கசிஞ்சா கண்ணீர் விடாம மாத்து. ரெண்டு கட்சிக்காரங்களும் திட்டலாம், பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு.

பெரியவர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கவுத்தார். மைக் செட்டு ஆம்ப்ளிஃபையர்ல வர்ற 6எல்6-க்கும் இதே எட்டுக்கால் சாக்கெட்தான். எத்தனை கல்யாணத்துக்குப் பாடினதோ, நல்ல கனமான பீங்கான் சாக்கெட் ஒண்ணைத் தேடி எடுத்தார். ரிவெட்டை டிரில் பண்ணி எடுத்தது நான், போட்டோ எடுத்து, ஒவ்வொரு கம்பிக்கும் நம்பர் சீட்டு ஒட்டி, ஒண்ணொண்ணா பத்த வச்சதும் நான். மூணு மணி நேரம். அவர் ஸ்டூல்ல உக்காந்து "அது ரெண்டு, ஹீட்டர். ஏழு அந்தப் பக்கம்"னு கண்ணாடி இல்லாமலே சொல்லிக்கிட்டிருந்தார். புதுசா சுத்தின டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினோம். வால்வு இல்லாம அஞ்சாம் கால்ல அளந்தோம். பூஜ்யம்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. மேல சொன்ன ஏசி/டிசி செட்டுல மெயின்ஸோட ஒரு கம்பி நேரா சேசிஸ்லயே இருக்கும். பிளக்கைத் திருப்பி சொருகினா மொத்த இரும்பும் 230 வோல்ட். பின்னட்டையைத் திறக்கிறதுக்கு முன்னாடி உங்க செட்டு எந்த வகைன்னு பார்த்துடுங்க. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம அதுல கை வைக்காதீங்க. எந்த செட்டா இருந்தாலும், ஆன்ல இருக்கும்போது ஒரு கை பாக்கெட்டுக்குள்ள இருக்கட்டும்.

இன்னொரு கூட்டத்தையும் திட்டிட்டு முடிச்சுக்கறேன். பழைய ரேடியோவை வாங்கி, சேசிஸை மொத்தமா உருவி எடைக்குப் போட்டுட்டு, பொட்டிக்குள்ள புளூடூத் ஸ்பீக்கரை வச்சு ஓட்டல் வாசல்ல வைக்கிற கூட்டம். அவங்க தூக்கிப் போடுற சேசிஸ்ல ஆறு சாக்கெட் இருக்கு சார். அதுல ஒண்ணுக்காக இங்க ஒருத்தன் மூணு தடவை பூந்தமல்லி ரோட்டுல பஸ் மாறிப் போறான். பொட்டியை வச்சுக்கங்க, குடலை எங்ககிட்ட கொடுத்துடுங்க.

வீட்டுக்குக் கொண்டு வந்து முதல்ல வச்சது 720. ஆல் இந்தியா ரேடியோவோட பெரிய டிரான்ஸ்மிட்டர் ஆவடியிலயே இருக்கிறதால எங்க ஏரியாவுல ஏரியல் கம்பி கூட வேண்டாம், ஈரக் கையை வச்சாலே பாடும். சிற்றலைதான் பரிதாபம். சிலோன் இருந்த இடத்துல பக்கத்து வீட்டு எல்.இ.டி. பல்பு சத்தம்தான் வருது. பிபிசி தமிழோசை வானொலியும் 2017-லயே நின்னுபோச்சு.

செய்தி ஓடிக்கிட்டிருந்தப்போ அப்பா வந்தார். ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் நின்னு கேட்டார். போகும்போது வலது பக்க மூலையில உள்ளங்கையால ஒரு தட்டு தட்டிட்டுப் போனார். சத்தம் ஒரு நொடி விட்டு வந்துச்சு.

நான் எழுந்து பின்னட்டையைக் கழட்டிப் பார்த்தேன். ரெக்டிஃபையர் சாக்கெட். எட்டாம் நம்பர் கால் லூஸு. இந்தச் சனிக்கிழமை ஊசியோட உக்காரணும்.